கோவிந்தாபுரம் பஸ்ஸில் ஏறாத கதைகள்

பாலக்காட்டில் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு பையன்களின் கதை வராமல் போகாது. பி.இ.எம். உயர்நிலைப் பள்ளியில் இருவரும் ஒரே வகுப்பு. ஒருவன் அக்ரகாரத்துத் தமிழ்ப் பையன், இன்னொருவன் மலையாளி. இருவரும் 1932-இல் பிறந்தவர்கள். முதலிடத்துக்கு எப்போதும் அவர்களுக்குள்தான் போட்டி. பள்ளி இறுதித் தேர்வில் தமிழ்ப் பையன் முந்தினான் என்பார்கள். வித்தியாசம் ஒரே ஒரு மார்க்காம். பிறகு இருவரும் விக்டோரியா கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தார்கள். முடித்ததும் இருவருக்கும் காக்கிநாடா பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. மலையாளிப் பையன் காக்கிநாடாவுக்கு ரயில் ஏறினான். தமிழ்ப் பையன் இயற்பியல்தான் படிப்பேன் என்று தாம்பரத்துக்குப் போய்விட்டான்.

தாம்பரத்துக்குப் போனவர் டி.என்.சேஷன். 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையராகி, ஆறு ஆண்டுகள் இந்திய அரசியல்வாதிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர். காக்கிநாடாவுக்குப் போனவர் இ.ஸ்ரீதரன். 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் நிமிர்த்தி, பின்னாளில் கொங்கண் ரயில், டெல்லி மெட்ரோ என்று நாட்டையே ஓட வைத்தவர்.

இந்தக் கதையில் ஒரு மார்க் என்ற பகுதி சொல்பவருக்குச் சொல்பவர் கொஞ்சம் மாறும். அது கதைக்கே உரிய உரிமை. மீதியெல்லாம் நடந்தது. ஒரே வகுப்பிலிருந்து இருவர், ஒரே கல்லூரியிலிருந்து இருவர், ஒரே அட்மிஷன் கடிதத்துக்கு இரண்டு பதில்கள். எந்த எழுத்தாளரும் இப்படி எழுதினால் ஆசிரியர் 'கொஞ்சம் ஓவரா இருக்கே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

பழைய கல்லூரிகளுக்கு இப்படி ஒரு சொத்து உண்டு. ஆண்டறிக்கையில் வராது, கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வந்தால் காட்ட முடியாது. ஹாஸ்டல் வராந்தாவிலும் கேன்டீன் பெஞ்சிலும் பஸ்ஸின் கடைசி சீட்டிலும் கைமாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சொத்தைத் தேட, தமிழ்நாடும் கேரளமும் உரசிக்கொள்ளும் கோவிந்தாபுரத்தைப் புறப்படும் இடமாக வைத்துக்கொண்டோம். காரணம் இருக்கிறது.

இரண்டு பக்கமும் பஸ்

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே வந்தால் செக்போஸ்ட். அதைத் தாண்டினால் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம், முதலமடை பஞ்சாயத்து. சுற்றிலும் மாந்தோப்புகள், சீசனில் இந்தப் பக்கத்து மாங்காய் லாரி லாரியாக வட இந்தியாவுக்குப் போகும். மங்கலம்-கோவிந்தாபுரம் சாலை இங்கேதான் வந்து முடிகிறது. பேச்சு கொங்குத் தமிழ். கடைப் பலகை மலையாளம். ரேஷன் கார்டு கேரளம், சம்பந்தம் பேசப் போவது ஆனைமலைக்கும் உடுமலைக்கும்.

இங்கே பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு முன்னால் இரண்டு பஸ்கள் நிற்கின்றன. கிழக்கே போனால் பொள்ளாச்சி, கோவை. மேற்கே போனால் சித்தூர், பாலக்காடு. தமிழ் வழியில் படித்த பிள்ளைக்கு மேற்கே போகும் பஸ்ஸில் ஒரு தயக்கம் இருக்கும்: பாடம் மலையாளத்தில் நடத்துவார்களோ, கூடப் படிக்கிறவர்கள் 'பாண்டி' என்று கேலி பேசுவார்களோ என்று. அந்தத் தயக்கத்தைத் தீர்ப்பது காலேஜ் புராஸ்பெக்டஸ் அல்ல. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காரும் சீனியர்.

"தம்பி, எந்த டிபார்ட்மென்ட்டு?"

"தமிழுங்கண்ணா."

"சரி, உக்காரு. எந்த சார் க்ளாஸ்ல சிரிக்கக் கூடாது, எந்த சார் க்ளாஸ்ல சிரிச்சாத்தான் இன்டர்னல் மார்க்குன்னு சொல்றேன், கேட்டுக்க."

இந்தப் பேச்சு எந்த ஊர்க் காலேஜ் பஸ்ஸிலும் நடக்கும். பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது. பிழைக்கும் வழியைச் சீனியர் தருகிறார், கதையாகத் தருகிறார். 'ஒரு தடவை என்னாச்சுன்னா...' என்று ஆரம்பித்தால் புதுப் பையன் மறக்க மாட்டான். ஹால் டிக்கெட் தொலைத்தவன் கதை, பிராக்டிகலில் அமிலம் கொட்டியவன் கதை, மெஸ் சாம்பாரில் கிடந்தது என்ன என்ற கதை. இவற்றில் பாதி அண்டப்புளுகு. ஆனால் ஹால் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொள் என்ற செய்தி உண்மை.

சென்னை முத்திரை குத்திய சான்றிதழ்

பாலக்காடு அரசு விக்டோரியா கல்லூரி 1866-இல் ஒரு பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. 1888-இல் கல்லூரி ஆயிற்று. விக்டோரியா மகாராணி பெயர் இருப்பதால் அவர் ஒரு தடவை வந்து போனார் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அவர் இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. கல்லூரி சேர்ந்திருந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மலபார் மாவட்டம் கேரளத்தோடு சேரும் வரை பாலக்காடு சென்னை மாகாணம். அதனால் அங்கே அந்தக் காலத்தில் பட்டம் வாங்கியவர்கள் எல்லோரும் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரிகள்.

எம்.டி.வாசுதேவன் நாயரும் அவர்களில் ஒருவர். மலையாளத்தின் மகா எழுத்தாளர் அங்கே படித்தது இலக்கியம் அல்ல, வேதியியல். 1953-இல் பட்டம். அதற்கு முந்தைய ஆண்டே, மாணவனாக இருக்கும்போதே, முதல் சிறுகதைத் தொகுப்பு வந்துவிட்டது. அச்சுக்கு நண்பர்கள் கைகொடுத்தார்கள். தமிழ்நாட்டில் இன்றும் வேதியியல் லேபில் நின்றுகொண்டு கவிதை எழுதும் பையன்களுக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. வீட்டில் காட்டிக்கொள்ளலாம்.

ஓ.வி.விஜயனும் விக்டோரியாக்காரர். அங்கிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தார். அவருடைய 'கசாக்கின் இதிகாசம்' 1969-இல் நூலாக வந்தது. தமிழில் யூமா வாசுகி மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது, அதற்கு 2017-இல் சாகித்ய அகாடமியின் மொழிபெயர்ப்பு விருதும் கிடைத்தது. பாலக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள தஸ்ராக் என்ற சிற்றூர்தான் நாவலில் கசாக் ஆனது. அங்கே ஓராசிரியர் பள்ளிக்கு வாத்தியாராக வந்து இறங்குகிற ரவி, படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன். எங்கே விட்டான்? தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரியில். என்ன படிப்பு? இயற்பியல் ஆனர்ஸ்.

சேஷன் காக்கிநாடாவை உதறிவிட்டுப் போய்ச் சேர்ந்த அதே கல்லூரி, அதே துறை! நிஜப் பையன் அங்கே படித்து முடித்து, அங்கேயே சில ஆண்டுகள் பாடமும் நடத்தி, ஐ.ஏ.எஸ். ஆனார். கற்பனைப் பையன் தேர்வுக்கு முன்பே ஓடிப்போய்ப் பனங்காட்டுக்குள் மறைந்தான். விஜயன் சேஷனை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் ஒரு கட்டுக்கதையைக் கிளப்பிவிட்டவன் ஆவேன். ஐம்பதுகளில் பாலக்காட்டு நடுத்தர வீட்டுப் பையனுக்குத் தாம்பரம் எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் வேண்டியதில்லை. 1837-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, ஜார்ஜ் டவுனில் நூறு வருஷம் இருந்துவிட்டு, 1937-இல் புறநகர்க் காட்டுக்கு இடம் மாறிய கல்லூரி அது. சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று பழைய விடுதிகள். 'நீங்க எந்த ஹால்?' என்று கேட்டுத்தான் இன்றும் பழைய மாணவர்கள் கை குலுக்குவார்கள். பிறகு மற்ற இரண்டு ஹாலையும் மட்டம் தட்டுவார்கள்.

பதினான்கு வயதுப் பையனும் டிகிரி இல்லாத கணிதமேதையும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் பிறந்தது. முதலில் அது பாடம் நடத்தும் இடமே இல்லை. தேர்வு வைத்துப் பட்டம் தரும் அலுவலகம்தான். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, இன்னொருவர் சி.வை.தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். சென்னையின் முதல் பட்டத்தைச் சென்னைக்காரர் வாங்கவில்லை என்பது அன்றைக்கு எத்தனை திண்ணைகளில் பேசப்பட்டிருக்கும்! அந்தப் பேச்சு எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. பெயர்கள் மட்டும் வந்தன.

மாநிலக் கல்லூரியின் கதைகள் அப்படியில்லை. நிறையவே வந்து சேர்ந்திருக்கின்றன. மெரினாவைப் பார்த்த அந்தக் கட்டடத்தின் கோபுரத்தில் நான்கு முகக் கடிகாரம் உண்டு. முதல்வராக இருந்த தாவரவியலாளர் ஃபைசன் நினைவாக ஃபைசன் கடிகாரம் என்றே பெயர். கடலைப் பார்த்து உ.வே.சா. சிலை. 1903 முதல் 1919 வரை அங்கே தமிழ் நடத்தியவர். அவர் வந்து சேர்ந்த அதே 1903-இல், பி.ஏ. வகுப்புக்கு ஒரு பொடியன் வந்து உட்கார்ந்தான். எலியட் என்ற பேராசிரியர் பார்த்தார். வழி தெரியாமல் வந்துவிட்ட பள்ளிக்கூடத்துப் பையன் என்று நினைத்து, இந்த வகுப்புதானா என்று விசாரித்தார். ஆமாம் என்றான். வயது கேட்டார். பதினான்கு என்றான். அந்தப் பொடியன் சி.வி.ராமன். அடுத்த ஆண்டே முதல் வகுப்பில் தேறித் தங்கப் பதக்கம். பதினெட்டு வயதில், 1906-இல், லண்டன் அறிவியல் இதழில் கட்டுரை.

இருபது சொச்சம் ஆண்டு கழித்து அதே கல்லூரியில் ராமனின் அண்ணன் மகன். ஜெர்மானிய இயற்பியலாளர் சோமர்ஃபெல்டு 1928-இல் சென்னைக்கு வந்தார். பையன் அவரைத் தங்கியிருந்த ஹோட்டலுக்கே தேடிப்போய்ப் பார்த்தான், தனக்கு அணு இயற்பியல் எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையோடு. நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது தம்பி என்ற பொருளில் சொல்லி அனுப்பினார் பெரியவர். அடுத்த ஆண்டு பையனின் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி வெளியீட்டில் வந்தது. எஸ்.சந்திரசேகர், 1983-இல் நோபல். நம் கல்லூரிகளில் சிறப்பு விருந்தினர் பேச்சு என்றால் பொன்னாடை, குரூப் போட்டோ, போண்டா. அங்கே ஒரு மாணவன் விருந்தினரின் ஹோட்டல் கதவைத் தட்டியிருக்கிறான். எனக்குத் தெரிந்த மாநிலக் கல்லூரிக் கதைகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

ராமானுஜன் கதை வேறு மாதிரி. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார், மற்ற பாடங்களைக் கைவிட்டதால் அதை இழந்தார். 1906-இல் பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. கணக்கில் நூறு, மற்றதில் கோட்டை என்று இன்றும் ஊரில் சொல்லும் சித்திரம் பெருமளவுக்குச் சரியே. ஆறேழு வருஷம் கழித்து, துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தாவாக இருந்தவருக்கு, எந்தப் பட்டமும் இல்லாதவருக்கு, சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஃபெயில் போட்ட அதே பல்கலைக்கழகம்! விதியைத் தளர்த்தி அந்த உத்தரவு போட்ட கமிட்டிக்காரர்களை யாரும் கதையில் சேர்ப்பதில்லை. நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் எழுதிக்காட்டினாள் என்பது எல்லோருக்கும் தெரியும். கமிட்டிக்காரர்கள் கனவில் வருகிற ஆட்கள் இல்லையே.

கல்லூரிக் கதைகளில் ஒரு வழக்கம் தெரிகிறது. ஜெயித்தவர்களின் பெயரில்தான் கதை ஒட்டும். கேம்பிரிட்ஜில் குவீன்ஸ் கல்லூரிக்கு ஒரு மரப்பாலம் உண்டு. ஆணியே இல்லாமல் நியூட்டன் கட்டியது, மாணவர்கள் பிரித்துப்போட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் முழித்தார்கள் என்பது அங்கே ஒவ்வொரு சுற்றுலாப் படகுக்காரரும் சொல்லும் கதை. பாலம் கட்டியது 1749-இல். நியூட்டன் இறந்தது 1727-இல். ஹார்வர்டில் நிறுவனர் சிலையின் ஷூ நுனியைத் தேய்த்தால் அதிர்ஷ்டம் என்று நுனி பளபளக்கத் தேய்த்து வைத்திருக்கிறார்கள். சிலையில் செதுக்கிய மூன்று தகவல்களும் தப்பு: ஜான் ஹார்வர்ட் நிறுவனர் அல்ல, வருஷம் 1638 அல்ல 1636, அந்த முகமும் அவருடையது அல்ல. உலகத்தின் பெரிய பல்கலைக்கழகமே பொய்யின் காலைத் தொட்டுக் கும்பிடும்போது, நம் ஊர்க் கல்லூரியில் தேர்வுக்கு முன்னால் வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பவனை யார் குறை சொல்வது?

கொங்கன் தோற்கும் ஊரில் கொங்கன் பேரன்

திரும்ப எல்லைக்கு வருவோம். சித்தூர் அரசு கல்லூரி 1947 ஆகஸ்டில், சுதந்திரத்துக்குச் சில நாள் முன்பு தொடங்கியது. அப்போது சித்தூர் கொச்சி ராஜ்யம். பக்கத்துப் பாலக்காடு பிரிட்டிஷ் மலபார். கேரளத்தில் இருந்துகொண்டே தமிழ் இலக்கியம் படிக்க விரும்பும் எல்லைப் பிள்ளைகளுக்கு இங்கே தமிழ்த் துறை உண்டு. முதுகலை வரை படிக்கலாம். தொல்காப்பியமும் குறுந்தொகையும் கேரள அரசு சம்பளத்தில் நடத்தப்படுகின்றன. தமிழ்நாட்டில் பலருக்கு இது தெரியாது.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இங்கே வந்து தங்கினார், அவர்தான் ஆற்றுக்கு அந்தப் பெயர் வைத்தார் என்பது வழக்கு. தெக்கே கிராமத்தில் அவருடைய குருமடம் இருக்கிறது. அரியர் வைத்தவனுக்குக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே சோகம் போக்கும் ஆறு ஓடுவது வசதிதான்.

இந்த ஊரின் பெரிய திருவிழா கொங்கன்படை. மாசி மாதம், பகவதி கோவில். கதை இதுதான்: கிழக்கே கொங்கு நாட்டிலிருந்து ஒரு ராஜா படையோடு கணவாய் வழியாக வந்தான். சித்தூர்க்காரர்கள் பகவதியை வேண்டினார்கள். அம்மன் இறங்கிக் கொங்கனை முறியடித்தாள். அந்தப் போரை வருஷா வருஷம் வேஷம் கட்டி நடத்துகிறார்கள். ஊரே திரண்டு கொங்கன் தோற்பதைக் கொண்டாடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கோவிந்தாபுரத்திலிருந்தோ இன்னொரு எல்லையூரான மீனாட்சிபுரத்திலிருந்தோ வந்து சித்தூர்க் கல்லூரியில் தமிழ் படிக்கும் பையனின் தாத்தா பொள்ளாச்சிக்காரர், பாட்டி உடுமலைக்காரர். பேசும் தமிழ் அச்சு அசலான கொங்கு. கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் அவன் யாருக்குக் கை தட்டுவான்? மலையாளத்துத் தோழர்கள் அவன் தோளில் தட்டி, 'நின்றெ ஆளு தோற்று போயி' என்று சிரித்தால் என்ன பதில் சொல்வான்? இதைவிட அருமையான கல்லூரிக் கதைக்குக் கரு எங்கே கிடைக்கும்? மதுரைக்காரனுக்கும் சென்னைக்காரனுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் இதை யாராவது எழுதி நான் படித்ததில்லை.

சிரிப்பு நின்றுபோகும் இடம்

மரபு என்று சொல்லிக்கொண்டு நடந்த எல்லாவற்றையும் மெச்ச முடியாது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர், அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன், சீனியர் ஒருவரின் கையால் கொல்லப்பட்டார். ஜூனியரைச் சட்டையைக் கழற்றச் சொல்வதும், செருப்பை நக்கச் சொல்வதும் 'சும்மா ஜாலிக்கு' என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாய் மூடினார்கள். தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997-இல் வந்தது. அடுத்த ஆண்டு கேரளமும் சட்டம் போட்டது. அதற்கு முன் பல்லாண்டுகள் ராகிங்கைத் தமாஷாகவே எழுதிய பத்திரிகைகளும் சினிமாக்களும் இதில் பங்காளிகள்தாம்; நம் துறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

விக்டோரியா கல்லூரியின் கதைப் பட்டியலிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. 2016 மார்ச் 31, பெண் முதல்வர் ஓய்வு பெறும் நாள். காலையில் வளாகத்தில் அவருக்கு ஒரு கல்லறை கட்டி மலர்வளையம் வைத்திருந்தார்கள். மாணவர் அரசியலோடு அவருக்கு இருந்த மோதல்தான் பின்னணி. அது ஒரு கலைப்படைப்பு என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். இருபது சொச்சம் ஆண்டு பாடம் நடத்திய ஒருவர் கடைசி நாளில் தன் சமாதியைத் தாண்டி நடக்க நேர்ந்ததற்குக் கலை என்று பெயர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

சென்னையின் 'ரூட் தல'யும் 'பஸ் டே'யும் இன்னொரு ரகம். பஸ் ரூட் ஒன்றுக்கு ஒரு தலைவன், அவன் பெயரில் கானா, வருஷத்துக்கு ஒரு நாள் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் மாலை போட்டு ஊர்வலம். ஆரம்பத்தில் அதில் ஒரு அழகு இருந்திருக்க வேண்டும்: தினமும் படிக்கட்டில் தொங்கவிட்டுக் கூட்டிப்போன மனிதருக்கு நன்றி. பிறகு பச்சையப்பன், மாநிலக் கல்லூரி மோதல், கத்தி, வழக்கு. 2019 ஜூனில் பஸ் கூரை மேல் ஆடிய மாணவர்கள் கொத்தாக முன்பக்கம் சரிந்து விழுந்த வீடியோவை நாடே பார்த்தது. அந்தப் பையன்களில் பெரும்பாலோர் புறநகரிலிருந்தும் வடசென்னையிலிருந்தும் வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். கல்லூரிச் சுவரில் அவர்களுடைய ஆட்களின் படம் எதுவும் மாட்டியிருக்காது. தங்கள் பெயர் ஒட்டிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த ஒரே சுவர் பஸ்ஸின் தகரம்தான். வன்முறையை நியாயப்படுத்தவில்லை, ஆனால் இதைப் பேசாமல் போலீஸ் கேஸ் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்த வருஷமும் அதே வீடியோ வரும்.

யாருடைய கதை?

நான் கோவிந்தாபுரத்தைப் பிடித்துக்கொண்ட காரணம் இங்கேதான். ஊரில் அம்பேத்கர் காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது. 2017-இல் அது கேரளச் செய்திகளில் அடிபட்டது. அங்கே வாழும் சக்கிலியர் சமூக மக்கள், டீக்கடையில் தங்களுக்குத் தனி டம்ளர், தண்ணீர் பிடிப்பதில் பாகுபாடு என்று புகார் சொன்னார்கள். படித்த கேரளத்திலா இது என்று திருவனந்தபுரத்தில் வியந்தார்கள். வியப்பு அடங்கியதும் செய்தியும் அடங்கியது.

அந்தக் காலனியிலிருந்தும், அதைப் போன்ற எல்லைக் குடியிருப்புகளிலிருந்தும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகள் உண்டு. இடுக்கிப் பக்கம் போனால் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட் லயன்களில் இதே நிலை. தேயிலை பறித்த அம்மாவின் மகள் மூணாறு அரசு கல்லூரிக்குப் போனாள் என்றால், சேஷனும் ஸ்ரீதரனும் காக்கிநாடாவா தாம்பரமா என்று யோசித்ததைவிடப் பெரிய யோசனை அந்த வீட்டில் நடந்திருக்கும்: பஸ் காசு யார் தருவது, பறிப்புக்கு ஆள் குறைந்தால் கங்காணிக்கு என்ன சொல்வது, வீட்டை எப்படி விடாமல் வைத்துக்கொள்வது. மூணாறு கல்லூரிக் கட்டடத்தை 2018 வெள்ளத்தின்போது மண்சரிவு சிதைத்துவிட்டது. அங்கே படித்தவர்களின் கதைகளுக்கு இப்போது சுவர்கூட மிச்சமில்லை.

சேஷனின் கதை எப்படி நமக்கு வந்தது? அக்ரகாரத்தில் எழுதத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். பள்ளி ரிக்கார்டு இருந்தது. பேட்டி எடுக்கப் பத்திரிகை இருந்தது. அவர் மறைந்து நான்கு ஆண்டு கழித்து, 2023-இல் தன்வரலாறும் புத்தகமாக வந்துவிட்டது. எம்.டி.க்கும் விஜயனுக்கும் மலையாள வார இதழ்கள் இருந்தன. கோவிந்தாபுரம் பஸ்ஸில் ஏறிப் போனவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. கேரளத்துக்கு அவர்கள் தமிழர்கள், தமிழ்நாட்டுக்கு அவர்கள் கேரளத்துக்காரர்கள். சென்னையிலிருந்து வரும் எந்தப் பத்திரிகையும், இது உள்பட, அவர்களுடைய ஹாஸ்டல் கதையைக் கேட்டு அச்சிட்டதில்லை. அவர்களிடம் கதை இல்லாமல் போயிற்று என்று நம்ப நான் தயாரில்லை. கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய ஆராய்ச்சித் திட்டம் எதுவும் வேண்டாம். சித்தூர்த் தமிழ்த் துறை மாணவர்கள் முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடித் திண்டாடுவதை விட்டு, அவரவர் ஊர்ப் பழைய மாணவரைத் தேடிப் போகலாம். செல்போன் ரெக்கார்டர் போதும். யார் எந்த வகுப்பில் எங்கே உட்கார்ந்தீர்கள், மதியச் சோறு யாரோடு சாப்பிட்டீர்கள், மலையாளத்தில் முதன்முதலாகத் திட்டு வாங்கியது எப்போது, கொங்கன்படை அன்று எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று கேளுங்கள். பொய் சொன்னாலும் பதிவு செய்யுங்கள்; தேதியை வைத்து அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம், நியூட்டன் பாலத்துக்குச் செய்தது போல. பேர் சொல்ல விரும்பாதவர்களின் பேரை விட்டுவிடுங்கள்.

சித்தூர்க் கல்லூரிக்கு 2047-இல் நூறு வயது. அங்கே முதல் பத்தாண்டில் படித்தவர்களில் யாராவது இன்று இருந்தால் அவர்களுக்குத் தொண்ணூறை ஒட்டிய வயது. நூற்றாண்டு மலர் போடுகிற வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. இந்த வாரமே போய்க் கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள்.